"பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும், மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பெண்நோயியல் வைத்திய நிபுணர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. இந்த ஒரு வரியைப் பொதுவில் எழுதத் துணிவு வர எனக்குப் பல கிழமை எடுத்தது. எங்கள் பக்கத்தில் இதைக் கிணற்றடியில், ஆம்பிளைகள் இல்லாத நேரம் பார்த்து, காதோடு காதாகத்தான் சொல்வோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வைகாசி மாதம். பத்தாம் வகுப்பு. பைதகரஸ் தேற்றத்தின் நிறுவலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஏதோ பற்றிக்கொண்டதுபோல ஒரு சூடு கிளம்பியது. கழுத்து, காது, உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கையிலிருந்த வெண்கட்டி ஈரமாகி எழுத மறுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முன்வாங்குப் பிள்ளை ஒன்று எழும்பி வந்து, "ரீச்சர், இருங்கோ" என்று என்னைக் கதிரையில் இருத்தி, கொப்பி மட்டையால் விசிறினாள். வெயில் என்று நினைத்திருப்பாள். இரண்டு நிமிடத்தில் சூடு போய்க் குளிர் எடுத்தது. திரும்பப் பலகையைப் பார்த்தேன், எந்தப் படியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நித்திரையிலும் எழுதக்கூடிய நிறுவல் அது.

இரவுகள் இன்னும் மோசம். கட்டிலை விட்டு விறாந்தைச் சீமெந்தில் படுப்பேன். இரண்டு மணிக்கு ஒருக்கா, மூன்றரைக்கு ஒருக்கா எழும்பி நனைந்த சட்டையை மாற்றிக் கொடியில் போடுவேன். விடியப் பார்த்தால் கொடியில் மூன்று சட்டை தொங்கும். நல்லெண்ணெய் வைத்து முழுகச் சொன்னார்கள், முழுகினேன். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். "உடம்புச் சூடு" என்ற ஒரே சொல்லுக்குள் எங்கள் ஊர் இதை அடக்கிவிடுகிறது.

பிறகு ஒரு கிளினிக்குக்குப் போனேன். எது என்று எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றக்கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. அங்கே இருந்த டொக்டர் வயதைக் கேட்டார். "இந்த வயசில இது வாறதுதானே அம்மா. மருந்து இருக்கு, ஆனா கான்சர் வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார். கல்சியம் குளிசை எழுதித் தந்தார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும்.

அந்தக் கிழமைதான் ரொறொன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா வீடியோவில் கதைத்தாள். அவள் இதே மருந்தை, அதாவது மாதவிடாய் நின்றால் உடம்பில் குறைந்துபோகிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனைத் திருப்பிக் கொடுக்கிற மருந்தை, ஒட்டுப்பிளாஸ்டர் போன்ற ஒன்றாக, கிழமைக்கு இரண்டு தரம் இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறாளாம். தொடங்குவதற்கு முன் அவளுடைய குடும்ப டொக்டர் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா, காலில் இரத்தக்கட்டி வந்ததா, பிறஷர் எவ்வளவு, மார்பகப் படம் (மமோகிராம்) எடுத்தாயிற்றா என்று கேட்டுக் கேட்டு எழுதினாராம். இப்போது நன்றாக நித்திரை கொள்கிறாளாம். நானும் அவளும் ஒரே அப்பாச்சியின் பேரப்பிள்ளைகள். ஒரே இரத்தம். ரொறொன்ரோவில் மருந்தாக இருப்பது யாழ்ப்பாணத்தில் மட்டும் கான்சராக எப்படி மாறும்? இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் எனக்கு நன்றாக விளங்கியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இவை தெரியும். ஆனால் இந்த மடலை வாசிக்கப்போகும் பெண்களுக்கும் தெரிய வேண்டும்.

பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 2002 யூலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசின் செலவில் நடந்த பெண்கள் நலன் பற்றிய மிகப் பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதி அந்த மாதம் பாதியில் நிறுத்தப்பட்டது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோன் வகை ஓமோன் ஒன்றும் சேர்ந்த குளிசை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. மருந்தெடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியதாகச் செய்தி உலகமெல்லாம் ஓடியது. அன்றிலிருந்து டொக்டர்மார் எழுதப் பயந்தார்கள், பெண்கள் விழுங்கப் பயந்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் எல்லா ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் தாளிலும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறியது.

நான் கணக்கு ரீச்சர். 26 சதவீதம் என்றால், எதில் 26 சதவீதம் என்றுதான் முதலில் கேட்பேன். நல்லூர்த் தேரன்று வீதி நிறைய நிற்கிற சனத்தில் பத்தாயிரம் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வின் கணக்கை அவர்கள்மேல் வைத்துப் பார்த்தால், ஓமோன் எடுக்காவிட்டாலும் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். அந்தக் குளிசையை எடுத்தால் 38 பேருக்கு வரும். கூடியது 8 பேர், பத்தாயிரத்தில். பாரிசவாதமும் அதேபோல 8 பேரால் கூடியது. மாரடைப்பு 7. நுரையீரலுக்குப் போகும் இரத்தக்கட்டி 8. மறுபக்கம், குடற்புற்றுநோய் 6 பேரால் குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 5 பேரால் குறைந்தது.

அந்த எட்டுப் பேரையும் நான் சின்னனாக நினைக்கவில்லை. அதில் ஒருத்தி நானாக இருக்கலாம். ஆனால் "கான்சர் வரும்" என்பதும் "பத்தாயிரத்தில் எட்டுப் பேருக்குக் கூட வரலாம்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது கதவை அடித்துச் சாத்துகிறது. இரண்டாவதைக் கேட்டால் ஒரு பெண் வீட்டுக்குப் போய், யோசித்து, தன் இரவுகளையும் அந்த எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் வயது 50 முதல் 79 வரை. சராசரி 63. என்னைப்போல உடம்பு காந்துகிற காலத்தில் இருந்தவர்கள் அதில் குறைவு. பெரும்பாலானோர் மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கும் மேலானவர்கள், இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே வயது போயிருந்தவர்கள். பிறகு வயதைப் பிரித்துக் கணக்குப் பார்த்தபோது, 60 வயதுக்கு முன்னரோ மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள்ளோ தொடங்கியவர்களின் படம் வேறாக இருந்தது. இன்றைக்கு உலகத்தின் பெரிய வைத்திய வழிகாட்டிகள் பலவும் இந்த வயது எல்லையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மற்றப் பகுதி 2004இல் நிறுத்தப்பட்டது, பாரிசவாதம் கூடியதால். ஆனால் அவர்களில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபது வருடம் தொடர்ந்து பார்த்ததில் அது குறைந்தே இருந்தது. இரண்டு பகுதிப் பெண்களையும் 18 வருடம் கவனித்து 2017இல் வந்த கணக்கின்படி, மருந்தெடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இறந்த அளவில் வித்தியாசம் இல்லை.

நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துவைத்து வாதாடுவதாக நீங்கள் நினைக்கக் கூடாது. 2019இல் 'லான்செட்' சஞ்சிகையில், உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு வந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம், இரண்டு ஓமோனையும் தினமும் எடுத்தால், அடுத்த இருபது வருடத்தில் ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாவார் என்றது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறு பேருக்கு ஒருவர். இது முந்திய கணக்கைவிடக் கனமானது. இதையும் எங்களிடம் சொல்லுங்கள். ஒரு பெண்ணுக்கு ஐம்பதில் ஒன்று பெரிதாகப் படும், இன்னொருத்திக்கு நாலு வருடம் நித்திரையில்லாமல் இருப்பது பெரிதாகப் படும். இரண்டு பேரும் சரிதான்.

2025 நவம்பர் 10ஆம் திகதி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கறுப்புக் கட்டத்திலிருந்து இதய, இரத்தக்குழாய் நோய்கள், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிய வரிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை, உடம்பு முழுக்கப் போகும் தனி ஈஸ்ட்ரோஜன் மருந்துகளில் அப்படியே இருக்கும் என்றது. அது இருக்கத்தான் வேண்டும். கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரலாம் என்பது 1975இலேயே தெரிந்த விஷயம். அதனால்தான் அவளுக்குப் புரோஜெஸ்டரோனைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்தச் செய்தி இரண்டாம் நாளே எங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிட்டது, கை கால் முளைத்து. "ஓமோன் எடுத்தால் மறதி வராது, இதயநோய் வராது, இளமை திரும்பும்" என்று ஒருவர் அனுப்ப, நாற்பது பேர் கும்பிட்டார்கள். இதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பு காந்துவதற்கும் வேர்வைக்கும் இதைவிடக் கேட்கிற மருந்து வேறில்லை, அதோடு எலும்பையும் காக்கும் என்பது உறுதியான விஷயம். இதயத்தையும் மூளையையும் காக்கும் என்பதற்காக எடுக்கச் சொல்ல ஆதாரம் போதாது. 65 வயதுக்கு மேல் இரண்டு ஓமோனையும் தொடங்கியவர்களில் மறதி நோய் கூடியதும் அதே அமெரிக்க ஆய்வில் கண்டதுதான். நீங்கள் பேசாமல் இருந்தால் உங்கள் இடத்தில் வட்ஸ்அப் பேசும்.

சரி, இனி என் தங்கச்சி முறையான ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத வைத்ததே அவள்தான்.

அவளுக்கு 39 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள். எடுக்க வேண்டிய காரணம் இருந்தது, அதில் எனக்குக் கேள்வி இல்லை. தையல் பிரித்து அனுப்பும்போது பாரம் தூக்க வேண்டாம், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார்கள். சூலகம் போனால் ஒரே இரவில் ஈஸ்ட்ரோஜன் போய்விடும், மற்றப் பெண்களுக்கு நாலைந்து வருடத்தில் மெல்ல மெல்ல நடப்பது உனக்கு அடுத்த கிழமையே நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். தனக்கு விசர் பிடிக்கிறது என்று நினைத்திருந்தாள். பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசினாளாம், பிறகு குசினிக்குள் போய் அழுதாளாம். இப்போது அவளுக்கு 46. போன வருடம் முற்றத்தில் சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தி பார்த்தார்கள். எழுபது வயதுக்காரியின் எலும்பு என்றார்களாம்.

இப்படி 45 வயதுக்கு முன் சூலகம் இழந்த பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய்போலத் தடுக்கிற காரணம் ஒன்று இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான 50, 51 வரைக்கும் ஓமோன் கொடுக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது. 2002இன் கணக்கு, சராசரி 63 வயதுப் பெண்களின் கணக்கு, அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தக் கணக்கின் பயம்தான் அவளுடைய ஏழு வருடத்தைத் தின்றது.

இன்னும் மறைவாக இருக்கிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மாமார், அம்மம்மாமார் எத்தனை பேருக்குச் சலக்கடுப்பு விட்டு விட்டு வருகிறது! சலம் போகும்போது எரிவு, அடிக்கடி கிருமி, ஒவ்வொரு தரமும் அன்டிபயோட்டிக். கணவனோடு சேர்வது நோவாகிப்போனதை யாரிடமும் சொல்லாமலே பல பெண்கள் ஒதுங்கிப் படுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனித் தோல் மெலிந்து காய்ந்து போவதுதான் பலருக்குக் காரணம். இதற்கு அந்த இடத்தில் மட்டும் வைக்கிற, அளவு மிகக் குறைந்த ஈஸ்ட்ரோஜன் கிரீமும் குளிசையும் உண்டு. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அந்த 2019 கணக்கிலும் இவற்றால் மார்பகப் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேலாக இவற்றின் தாளிலும் அதே கறுப்புக் கட்டம்தான் இருந்தது. பெட்டியை வாங்கிப் போய் ஆங்கிலத் தாளை மகளைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு, தொடாமலே அலுமாரியில் வைத்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

குளிசைக்கும் தோலில் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. விழுங்குகிற ஈஸ்ட்ரோஜன் ஈரலைத் தாண்டிப் போகும்போது இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோல்வழி போகிற ஒட்டு மருந்திலும் ஜெல்லிலும் அந்தச் சிக்கல் இல்லை, இரத்தக்கட்டி கூடியதாகப் பெரிய ஆய்வுகளில் காணவுமில்லை. உடம்பு பருத்த, பிறஷர் உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

யாருக்கு இந்த மருந்து கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரத்தக்கட்டி, பாரிசவாதம், மாரடைப்பு வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வரும் பெண்களுக்கும் இதே காந்தல் உண்டு, சிலருக்கு மருந்தாலேயே கூடுதலாக உண்டு. அவர்களுக்கு ஓமோன் இல்லாத வேறு மருந்துகள் இருக்கின்றன. அவர்களையும் "பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று அனுப்பத் தேவையில்லை.

இந்தச் சொல் என்னை ஏன் இவ்வளவு சுடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இன்று யாழ்ப்பாணத்தில் 45க்கும் 60க்கும் இடையில் இருக்கிற பெண்கள் யார்? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்மணி வெளியால் நடந்தவர்கள். பங்கருக்குள் படித்தவர்கள். கணவனில்லாமல் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். பொறுத்துப் பொறுத்தே வயது போனவர்கள். விடிய ஐந்து மணிக்கு வெங்காயத் தறையில் குனிந்து நிற்கிற பெண் இரவு நாலு தரம் எழும்பியிருக்கிறாள் என்பது அவளுடைய கூலியில் தெரியும். இந்தக் காந்தலும் வேர்வையும் ஒரு மாதம், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவதில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை நீண்ட காலம் கவனித்த ஆய்வொன்றில், அடிக்கடி காந்தல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கும் மேலாக இருந்தது.

எனக்கு வழி கிடைத்தது. காசு இருந்தது, ஒரு நிபுணரைச் சானல் பண்ணி, இருபது நிமிடம் இருந்து கதைத்தேன். அவர் ரொறொன்ரோ டொக்டர் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார், மார்பைப் பரிசோதித்தார், பிறஷர் பார்த்தார், தாளில் எண்களை எழுதிக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் இது முடியாத காரியமில்லை. மருந்து தொடங்கி எட்டு மாதம். இப்போது விடியக் கொடியில் சட்டை தொங்குவதில்லை. வெங்காயத் தறைக்காரிக்குச் சானல் பண்ண முடியாது. அவள் வருகிற இடம் உங்கள் வெல் வுமன் கிளினிக்தான்.

1996இல் இந்த நாட்டில் தொடங்கிய அந்தக் கிளினிக்குகள் அருமையான ஏற்பாடு. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைத் தேடிக் கூப்பிட்டு, கர்ப்பப்பைக் கழுத்தையும் மார்பையும் பிறஷரையும் சலரோகத்தையும் பார்க்கிறீர்கள். 45 வயதில் வருகிற அதே பெண்ணிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன். "இரவில் நித்திரை வருதா? உடம்பு காந்துதா?" இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "மாதவிடாய் நிறுத்த அறிகுறிகள் உண்டா" என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஆம் என்று சொல்கிற பெண்ணை யாரிடம், எந்த நாளில் அனுப்புவது என்பதை முடிவு செய்து கிளினிக் சுவரில் எழுதிப் போடுங்கள். எந்த மருந்து அரச வைத்தியசாலையில் கிடைக்கும், எதை வெளியே வாங்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

சூலகம் எடுத்த ஒரு பெண்ணைக்கூட ஓமோன் பற்றிக் கதைக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வேறு எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு நாளைக்கே ஒழுங்கு செய்யுங்கள், இதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

அப்புறம், தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம். "டொக்டரைக் கேட்கவும்" என்று முடிகிற வகையில் ஒன்று வேண்டாம். பத்தாயிரத்தில் எட்டு, ஐம்பதில் ஒன்று, இருநூறில் ஒன்று என்ற எண்கள் அதில் இருக்க வேண்டும். எங்கள் பெண்களுக்குச் சீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும் விரல் நுனியில் இருக்கிறது, இந்தக் கணக்கும் விளங்கும். வைத்திய விஷயத்தை நீங்கள் எழுதுங்கள். தமிழையும் எண்களையும் சரிபார்த்துத் தர நான் தயார், ஒரு சதம் வேண்டாம்.

உங்களிடம் வரிசை நீளம், ஆட்கள் குறைவு, ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2002க்குப் பிறகு படித்துவந்த டொக்டர்மாருக்கு இந்தப் பயத்தைத்தான் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்பதும் விளங்குகிறது. அதனால்தான் ஒரு டொக்டரோடு சண்டை பிடிக்காமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் பகுதியின் அடுத்த கிளினிக் நாளுக்கு நான் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பக்கத்து ஒழுங்கையிலிருந்து இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் இருவர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் கொடுத்தாயிற்று. எங்களோடு கதைக்க ஒருவரை அன்றைக்கு அங்கே இருக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
வலிகாமம்